மெருகு அழித்த சுவர்

அவளுடைய இடச்செவியின் மேல்விளிம்பு இல்லை. கடித்தவன் உடன்பிறந்த தம்பி. கடிபட்ட அன்று அவள் கதறவில்லை. குருதி கழுத்து வழியே இறங்கித் தோளை நனைக்க, அவனுடைய தலையை இரு கைகளாலும் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அக்காடா, அக்காடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பற்கள் விலகியபோது செவியின் துண்டு அவன் வாயில் கிடந்தது. துப்பினான். துப்பியது இன்னதென்று கண்டபின் தரையில் அமர்ந்து குழந்தைபோல் அழுதான்.

கட்டட வேலைக்காரர்கள் அவளைக் கண்ணாடிக்காரி என்பர். அவள் சுண்ணாம்புப் பூச்சுக்காரி. நீற்றிய சுண்ணாம்பைத் திங்கட்கணக்கில் குழியில் ஊறவிட்டு, துணியில் வடித்து, முட்டையின் வெண்கருவைக் கலந்து, மயிரிழைக் கனத்தில் சுவரில் ஏற்றி, ஈரம் போகுமுன் கூழாங்கல்லால் தேய்ப்பாள். காலையில் சுவரைத் தொட்ட கல் பொழுது சாயும்வரை அதைவிட்டு எழாது. முடிந்தபின் அச்சுவரின் முன் நின்று தலை வாரிக்கொள்ளலாம். "அவ பூசின சுவத்துல ஈ உக்காந்தா வழுக்கி விழும்" என்று மேஸ்திரிமார் கேலியும் பெருமையுமாகச் சொல்வார்கள். கடவுள் தனக்கு ஈந்த ஒரே செல்வம் அந்தக் கை என்பதில் அவளுக்கு ஐயம் இருந்ததில்லை.

தம்பி கம்பி கட்டுபவன். ஒரே கட்டடத்தில் அவனுக்குக் கம்பி, அவளுக்குப் பூச்சு, அவள் கணவனுக்குச் சாரம். மேல்தளங்களுக்குச் சரக்கு ஏற்ற அங்கே லிப்ட் ஒன்றே இருந்தது. கம்பி முதலில் ஏறுவதா, கலவை முதலில் ஏறுவதா என்று இரு குழுக்களுக்கும் நாள்தோறும் வாய்ச்சண்டை. அன்று வாய் போதவில்லை.

"எங்க கம்பி ஏறாம உன் கலவைய எதுலடா கொட்டுவ? உன் தலையிலயா?" என்று தம்பி கேட்டான்.

"உன் தலையிலதான். அதுதானே காலியா கெடக்கு" என்றான் கலவைக்காரன் ஒருவன்.

சிரிப்பு அடங்குமுன் ஒரு மண்வெட்டி பறந்தது. பதிலுக்கு ஒரு செங்கல். பிறகு எவர் எவரை அடிக்கிறார் என்று அடிப்பவர்க்கே தெரியவில்லை. ஒருவன் பல்லைத் துப்பினான். இன்னொருவன் முறிந்த விலாவைப் பிடித்தபடி மணற்குவியலில் உருண்டான். பக்கவாட்டிலிருந்து வந்த எவனோ, இரண்டு முழ முறுக்குக்கம்பியால் தம்பியின் நெற்றிப்பொட்டில் அடித்தான். மண்பானை உடைவது போன்ற ஒலி, மூன்றாம் தளச் சாரத்தில் நின்ற அக்காளுக்கும் கேட்டது. அவள் படியில் இறங்கவில்லை. சாரக்கழிகளைப் பற்றிச் சறுக்கி வந்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

தலையில் அறுவை முடிந்து, நாற்பது நாள் கழித்து அவன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினான். நடந்தான், உண்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஆனால் வந்தவன் வேறொருவன். அவர்களுடைய வீடு கான்கிரீட்டுப் பெட்டி: வழுக்கும் தரையோடுகள், கூசும் குழல்விளக்கு, தகரக் கதவு. சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான். தகரக் கதவைக் காற்று அறைந்தால் கையில் அகப்பட்டதை எடுத்து எதிரே நிற்பவரை அடிப்பான். குழல்விளக்கை மூன்று முறை உடைத்தான். அவள் செவி போனதும் அப்படித்தான்: சமையலறை மூலையில் ஒடுங்கியவனை எழுப்பச் சென்றாள், அதே நேரம் பிரஷர் குக்கர் கூவியது.

எதிர்ச்சாரியில் இரும்புக்கடை. வண்டியிலிருந்து கம்பிக்கட்டு இறக்கும் ஓசை நாளெல்லாம் தெருவை உலுக்கும். ஒருநாள் தம்பி வெளியே ஓடினான். கடைக்காரர், பாவம், நல்லெண்ணத்தோடுதான் அவன் தோளைப் பிடித்துக் கம்பி அடுக்குக்கும் சுவருக்கும் இடையே நிறுத்தி ஆறுதல் சொல்ல முயன்றார். ஒரே குத்தில் அவருடைய தாடை இரண்டாக ஒடிந்தது. தெரு திரண்டது. ஐந்து பேர் அவனை மிதித்தார்கள். கால்களுக்கு நடுவே கிடந்த அவன்மேல் அக்காள் விழுந்து மூடினாள். பாதி மிதி அவள் முதுகில் விழுந்தது. வெளிக்கதவின் இரும்புக் கம்பிகளில் அவனைக் கயிற்றால் கட்டினார்கள். மணிக்கட்டில் கயிறு அறுத்த வடு இன்றும் உண்டு.

"மனநோய்க் காப்பகத்துல போடுங்க" என்று ஒருவர் விடாமல் எல்லாரும் சொன்னார்கள். அவள் காப்பகத்தைப் போய்ப் பார்த்தாள். கூரை முட்ட வெள்ளை ஓடு பதித்த நீண்ட கூடம். இருபது இரும்புக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் தோல்வார். கோடியில் ஒருவன் அலறினால் அந்த அலறல் கூடத்தைச் சுற்றி வந்து அவனையே மறுபடி அறைந்தது. உடனே அடுத்தவன் அலறினான். ஒரு காவலர் அலறியவனை அடக்கத் தடியால் கட்டிலைத் தட்டினார். இரும்பின் ஒலிக்குக் கூடமே கூவியது. அவள் வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

தம்பியைப் பார்த்துவந்த மூளை மருத்துவரிடம் சென்று, கைகூப்பாமல், நேராகவே கேட்டாள்.

"அங்க போட்டா அவன் யாரையாவது கொல்லுவான், இல்ல செத்துருவான். வேற வழி சொல்லுங்க டாக்டரம்மா."

மருத்துவர் அவனுடைய மூளைப் படத்தைத் திரையில் மாட்டி, முன்நெற்றிக்குப் பின்னால் கறுத்திருந்த இடத்தைக் காட்டினார். "பயம் எழுப்புற இடம் உள்ள நல்லாத்தான் இருக்கு. அதைப் பாத்து 'பொறு, யாருன்னு பாப்போம்'னு சொல்ற இடம் நசுங்கிருச்சு. எந்தச் சத்தம் வேணும், எது வேணாம்னு பிரிக்கிறதும் தடுமாறுது. ஒரு கரண்டி விழுந்தா உங்களுக்கு ஒரு சத்தம். அது நாலு சுவத்துல மோதி வந்தா அவருக்கு நாலு பேரு."

அவள் நெடுநேரம் அந்தக் கறுப்பையே பார்த்தாள். பிறகு தொழிற்காரியாகக் கேட்டாள்: "அப்ப சுவரு சத்தத்தைத் தின்னணும். அப்படித்தானே?"

"தின்னுமா?"

"எங்க பழைய சுவரு தின்னும். சிமெண்டு சுவருதான் அப்படியே மூஞ்சில துப்பும்."

மருத்துவர் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இரும்புக்கடைக்காரரின் முறையீடு மேசைமேல் கிடந்தது. அவனுக்கென அவள் கட்டவிருக்கும் அறை முடியும்வரை அவனை மருத்துவமனையில் வைத்துக்கொள்வதாகவும், வீடு சென்ற நாள்முதல் தொண்ணூறு நாளில் எவர்க்கேனும் காயம் நேர்ந்தால் காப்பகத்துக்கான தாளில் தாம் கையெழுத்திட்டே தீரவேண்டுமென்றும் சொன்னார். "எனக்கு வேற வழியில்லம்மா. அவரு தாடை ஒடிஞ்சிருக்கு."

"ஒடிஞ்சதுதான்" என்றாள் அவள். அதை அவள் ஒருபோதும் மறுத்ததில்லை.

வீட்டின் கொல்லையில் அறை எழுந்தது. கணவன் மரச்சட்டம் ஏற்றினான். அதன்மேல் நாணற்பாய் பரப்பி, பாயின்மேல் ஓடு வேய்ந்தான். இரண்டு செங்கல் கனத்தில் சுண்ணாம்புச் சாந்தால் சுவர். உட்புறம் மண்ணும் நறுக்கிய வைக்கோலும் குழைத்த தடித்த அடிப்பூச்சு. வெயில் நேரே கண்ணில் பாயாதபடி சிறு துளைகளாலான சுடுமண் சாளரம். வாசல் ஒன்றே, வீட்டுக் கொல்லைக்கதவை நோக்கி. எவர் வந்தாலும் அவன் முன்கூட்டியே காண்பதற்கு. மருத்துவர் வந்து நடுவில் நின்று கைதட்டினார். தட்டிய ஒலி தட்டிய இடத்திலேயே இறந்தது.

"இங்க நான் பேசினாலே என் தலைவலி கொறையுது" என்றார்.

"மாப்ளய ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு நீங்க இங்க வந்து இருந்துக்குங்க" என்றான் கணவன்.

ஒரு சுவர் எஞ்சியது, கட்டிலுக்கு எதிர்ச்சுவர். மூன்று சுவர்களையும் கரடாக விட்டவளுக்கு, அதை மட்டும் அப்படி விட மனம் ஒப்பவில்லை. உயிருக்கு நிகரான தம்பி தங்கும் அறை. தன் கையின் முழுமை அதில் ஓரிடத்திலேனும் இருக்கவேண்டும் என்று எண்ணினாள். முப்பது முட்டைகளின் வெண்கரு. இரண்டு நாள் கூழாங்கல். முடிவில் அச்சுவர் நீர்நிலைபோல் கிடந்தது. "உன் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல வேலை" என்றான் கணவன். கூட்டாளிகள் இருவர் பார்க்க வந்து அதன்முன் நின்று தலை வாரிக்கொண்டனர். மருத்துவர் அதற்குப்பின் வரவில்லை.

தம்பி வந்தான். முதல் கிழமை பகலெல்லாம் உறங்கினான். இரண்டாம் கிழமை தானே குளித்தான். கடைத்தெருவிலிருந்து கம்பி விழும் ஓசை நாணற்கூரையில் மழுங்கி வந்தபோது தலையைத் தூக்கினான்; ஆனால் எழவில்லை. அவள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கரியால் அடித்துவந்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் முற்பகலில் கணவன் உணவுத்தட்டோடு வாசலில் நின்று, "மாப்ள, சோறு" என்றான். தம்பி வாசலைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தான். ஓலமிட்டுப் பாய்ந்தான். இரு முட்டிகளாலும் சுவரைக் குத்தினான்; நெற்றியால் முட்டினான். அறுவையின் தழும்பு பிளந்து குருதி அந்த வெண்ணிற மெருகில் கோடுகளாய் இறங்கியது. கணவன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். தம்பி திரும்பி, முதுகைச் சுவரில் கொடுத்து, அவனைக் கீழே சாய்த்து, வலக்கையைப் பிடித்து முழங்காலில் வைத்து விறகுபோல் ஒடித்தான். கணவனின் அலறல் தெருவரை கேட்டது.

அவள் ஓடிவந்தபோது இருவரும் தரையில் இருந்தனர்: ஒடிந்த கையோடு கணவன், குருதி வழியும் முகத்தோடு தம்பி; நடுவே சுக்குநூறான தட்டு.

மருத்துவமனையில் கணவன் எலும்புக்கட்டுப் போடுபவரிடம் சொன்னான்: "சாரத்துல இருந்து விழுந்துட்டேன்."

"இருபது வருஷமா சாரம் கட்டுறீங்க."

"அதான், எனக்கே வெக்கமா இருக்கு."

வழியில் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏங்க பொய் சொன்னீங்க?" என்றாள்.

"உன் தம்பிய அந்த ஓட்டுக் கூடத்துல கட்டிப்போட்டா, நீ போயி பக்கத்துக் கட்டில்ல படுத்துக்குவ. அப்புறம் எனக்கு யாரு சோறு போடுறது? இந்தக் கையோட நானா வடிச்சுத் தின்னமுடியும்?" என்று கடுகடுத்தான். சிறிது தூரம் சென்றபின், "ஆனா ஒண்ணு, இன்னொரு கை ஒடிஞ்சா சாரம்னு சொல்லமுடியாது" என்றான்.

மறுநாள் தம்பி வீட்டிற்குள் மருந்து மயக்கத்தில் கிடக்க, அவள் அவனுடைய கட்டிலில் அமர்ந்தாள். ஏன் என்று தெரிந்தாகவேண்டும். ஒலி இல்லை, கண்ணைக் கூசும் ஒளி இல்லை. பின் எது அவனை எழுப்பியது? நேற்றைய அதே நேரம். கணவன் கட்டுப்போட்ட கையோடு கொல்லைவழி நடந்தான். அப்போது எதிர்ச்சுவருக்குள் ஒருவன் நடந்தான். கறுத்த உருவம், முகமில்லை. பக்கவாட்டிலிருந்து தோன்றி, நடக்க நடக்கப் பெரிதாகி, அவளை நோக்கி வந்தது. யாரென்று தெரிந்திருந்தும் அவள் கை கட்டிற்சட்டத்தை இறுகப் பற்றியது.

கம்பியோடு பக்கத்திலிருந்து வந்தவனை அவள் தன் கையாலேயே, முப்பது முட்டை செலவிட்டு, தம்பியின் கண்முன் குடிவைத்திருந்தாள்.

அவள் அழவில்லை. கொத்துளியும் சுத்தியும் எடுத்தாள். தோலுரிப்பதுபோல் அச்சுவரை உரித்தாள். மெருகின் முதற்சில்லு தெறித்துக் கன்னத்தைக் கிழித்தது. உச்சி முதல் அடிவரை, ஒரு சாண் இடம் விடாமல், கொத்திக்கொத்திச் சிதைத்தாள். தன் வாழ்நாளின் சிறந்த வேலை அவளுடைய பாதங்களைச் சுற்றி வெள்ளைத் தூளாய்க் குவிந்தது. வாசலில் வந்து நின்ற கணவன் அவளுடைய முகத்தைக் கண்டு துடைப்பம் எடுத்துவந்தான். மாலைக்குள் அங்கே கரட்டுப் பூச்சு ஏறிவிட்டது. எவர் நடந்தாலும் அதில் நிழல் அசையவில்லை.

ஆனால் கணவனின் அலறலை இரும்புக்கடைக்காரர் கேட்டிருந்தார். அவருடைய தாடை இன்னும் ஒரு பக்கம் மெல்லாது. முறையீட்டை அவர் மறுபடி எழுதினார். அதைப் பழி என்று சொல்வதற்கில்லை, அச்சம்.

நாற்பதாம் நாள் காப்பகத்தின் வண்டி வந்தது. காவலர் மூவர், தோள்களில் தோல்வார். மருத்துவர் பின்னால் வருகிறார் என்றார்கள், காத்திருக்கவில்லை.

"டாக்டரம்மா வரட்டும்யா. அதுவரைக்கும் உள்ள போகாதீங்க" என்று கணவன் வழிமறித்தான்.

"கை ஒடிஞ்சவரு ஒதுங்கி நில்லுங்க" என்று மீசை வைத்த தலைமைக் காவலர் அவனைத் தள்ளினார். அவன் வேலியில் போய் விழுந்தான். மூன்று உடல்கள் அறையின் ஒரே வாசலை இருட்டடித்தன. உள்ளே, தொண்டையின் அடியிலிருந்து, விலங்கினுடையதுபோல் ஓர் ஒலி எழுந்தது. தம்பி கட்டிலின் காலைப் பிடுங்கிவிட்டான்.

அறைக்குப் பின்புறம் சுண்ணாம்புக் குழியருகே நின்ற அவளுக்கு, ஒரு மூச்சுக்குள் எல்லாம் விளங்கியது. செவி போன அன்று அவன் முதுகில் சமையலறை மூலை. தாடை ஒடிந்த அன்று கம்பி அடுக்கு. கை ஒடிந்த அன்று இந்தச் சுவர். அடித்தபோதெல்லாம் அவனுக்குப் பின்னால் வழியில்லை. ஒலியைத் தின்னவும் ஒளியைத் தணிக்கவும் அறிந்து கட்டியவள், ஓட ஒரு வாசல் வைக்க அறியவில்லை.

சம்மட்டியை எடுத்தாள். தண்ணீர்ச் செம்பு வைக்க உட்புறம் ஒரு மாடம் விட்டிருந்தாள். அவ்விடத்தில் சுவர் ஒற்றைச் செங்கல். சுண்ணாம்புச் சாந்து நாலைந்து மாதத்தில் இறுகாது என்பது அவளறிந்ததே. முதல் அடியில் பூச்சு பிளந்தது. இரண்டாம் அடியில் செங்கற்கள் உள்நோக்கி நகர்ந்தன. மூன்றாம் அடியில் மாடம் சரிந்து, செம்பு உருள, உள்ளே வெளிச்சம் ஒரு தூணாய்ப் பாய்ந்தது. நான்காம் அடி, ஐந்தாம் அடி. கைப்பிடி அவளுடைய உள்ளங்கையைக் கிழித்தது.

"இந்தப் பக்கம் வாடா! இங்க யாரும் இல்ல, அக்காதான்! வாடா!"

கட்டிற்கால் தரையில் விழும் ஓசை கேட்டது. துளையில் முதலில் இரு கைகள், பிறகு வெண்தூள் படிந்த தலை. உடைந்த செங்கல் தோளைக் கீற, அவன் ஊர்ந்து வெளிவந்தான். நின்றான். அவளைக் கடந்தான். குழிக்கு அப்பால் சென்று மண்ணில் அமர்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். எவர்மேலும் கைவைக்கவில்லை.

துளைவழியே தலைமைக் காவலரின் மீசை எட்டிப்பார்த்தது.

"தலைய உள்ள இழு" என்றாள் அவள், சம்மட்டியை ஓங்கியபடி. "நான் சுவத்தை இடிக்கிறேன். நடுவுல எது வந்தாலும் சுவருதான்."

மீசை மறைந்தது.

மருத்துவர் வந்தபோது கொல்லையில் எல்லாரும் தனித்தனியே நின்றிருந்தனர். இரும்புக்கடைக்காரரும் வேலியோரம் வந்து நின்றார். "யாருக்காவது காயமா?" என்று மருத்துவர் கேட்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் தலைமைக் காவலர். "பேஷண்டு அடிக்கல. அந்தம்மாதான் அடிக்க வந்தாங்க."

மருத்துவர் கணவனின் கையைப் பார்த்தார். அவன் அக்காளின் முகத்தைப் பார்த்தான், பிறகு நிலத்தை. "சாரம் இல்லீங்க. மாப்ளதான் ஒடிச்சான். பொய் சொன்னேன்."

அக்காள் எதையும் மறைக்கவில்லை. மெருகுச் சுவரில் தோன்றிய மனிதனைச் சொன்னாள். தான் அதை உரித்ததைச் சொன்னாள். இன்று பின்னால் வழி கிடைத்ததும் அவன் கட்டிற்காலைக் கீழே போட்டதைச் சொன்னாள். மருத்துவர் அறைக்குள் சென்று, கால் பிடுங்கிய கட்டிலின் விளிம்பில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். பின் வெளிவந்து பையிலிருந்த தாளை எடுத்தார்.

"சொன்ன சொல்லுப்படி நான் இதுல கையெழுத்துப் போடணும்" என்றார் மருத்துவர். "ஆனா அன்னிக்கு அவருக்கு ரெண்டே வழிதான்: அடிக்கிறது, அடிவாங்குறது. இன்னிக்கு மூணாவது வழி கெடைச்சுது, அதைத்தான் எடுத்தாரு. அவரால முடியும்னு இப்பத்தான் எனக்குத் தெரியும்." தாளை மடித்தார். "இன்னையிலிருந்து தொண்ணூறு. புதுசா எண்ணுவோம். அந்த ஓட்டைய அடைக்காதீங்க. கதவு வைங்க. தாழ்ப்பாள் உள்பக்கம்."

"உள்பக்கமா?" என்று இரும்புக்கடைக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவன் உள்ள பூட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பூட்டிக்கட்டும்ணே" என்றாள் அவள். "பயந்தவன்தானே பூட்டுவான். அடிக்க வர்றவன் எதுக்குப் பூட்டுறான்?"

அன்று மாலை கடையில் கம்பி இறக்கும்போது, கட்டைக் கீழே போடாதே, சாய்த்து இறக்கு என்று அவர் ஆட்களை அதட்டுவது கேட்டது.

மருத்துவர் அறையை மூலைக்கு மூலை அளந்து வரைந்துகொண்டு போனார். காப்பகத்தின் புதிய பகுதிக்கு அந்த அளவுகளை அவர் எடுத்துச்சென்றதும், அங்கே அவளைப் பூச்சுக்கு அழைத்ததும், அவள் முதல் நாளே பழைய கூடத்தின் வெள்ளை ஓடுகளைச் சம்மட்டியால் உடைத்து வண்டி வண்டியாய் வெளியேற்றியதும் பின்னர் நடந்தவை. தம்பி முற்றும் குணமாகவில்லை. புதுக் கணக்கின் எழுபதாம் நாள் ஒரு நாற்காலியை உடைத்தான். ஆளை உடைக்கவில்லை.

அந்த ஓட்டைக்குக் கதவு, இடித்த நான்காம் நாளே ஏறியது. ஏறிய அன்றே அவன் உள்ளே சென்று வாசற்கதவு, புதுக்கதவு இரண்டையும் தாழிட்டுக்கொண்டான். தாழ் விழும் ஓசையைக் கேட்டு அவள் உணவுத்தட்டோடு வெளியே நின்றாள். விரல் முட்டியால் மெல்ல இருமுறை தட்டினாள்.

"யாரு?"

"அக்கா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

தாழ் நகர்ந்தது.